நள்ளிரவில் நாகபுரி

தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் நம்மவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு உண்டு. ஊரில் ஏதாவது நேர்ந்தால் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்பதே அந்தக் கணக்கு. டில்லியில் இருப்பவருக்கு ஒரு விடை. ஜாம்ஷெட்பூரில் இருப்பவருக்கு வேறொரு விடை. கௌஹாத்தியில் இருப்பவருக்கு இன்னொன்று. வீட்டு வாடகை, பால் கணக்கு, பள்ளிக்கூடச் சம்பளம் ஆகியவற்றையெல்லாம் காகிதத்தில் எழுதி வைக்கிறோம். இந்தக் கணக்கை மட்டும் எவரும் எழுதி வைப்பதில்லை; ஆயினும் எவரும் மறப்பதுமில்லை. அந்தக் கணக்கை ஆகாய விமானம் எவ்வாறு மாற்றியது என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதம். கும்பகோணத்தில் என் தமக்கை மகளுக்குத் திருமணம். தாய்மாமன் என்ற முறையில் நான் முந்தின நாளே அங்கு இருந்தாக வேண்டும். அலுவலகத்தில் விடுமுறை கிடைத்தது கடைசி நேரத்தில். டில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம், சென்னையிலிருந்து திருச்சிக்கு இன்னொரு விமானம், அங்கிருந்து காரில் கும்பகோணம் என்று பிரயாணத்தைப் பொருத்தியிருந்தேன். காகிதத்தில் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் தை மாதத்து டில்லி மூடுபனியைக் காகிதத்தில் எழுத முடியாதல்லவா? மாலை விமானம் இரவு விமானமாயிற்று. இரவு விமானம் விடியற்காலை விமானமாயிற்று. திருச்சி விமானம் எனக்காகக் காத்திருக்கவில்லை. புதுப் பட்டு வேஷ்டி வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, குளிர்ந்த இரும்பு நாற்காலியில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள். சிலர் சிப்பந்திகளிடம் சண்டையிட்டார்கள். சிலர் தரையில் போர்வை விரித்துத் தூங்கினார்கள். ஆனால் அறிவிப்பு ஒலிக்கும்போதெல்லாம் அத்தனை பேரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தார்கள். அந்த நிமிர்வில் கோபம் கொஞ்சம், நம்பிக்கைதான் அதிகம்.

அந்த இரவில்தான், ஒரு பெரியவர் எனக்கு எப்போதோ சொன்ன நாகபுரிக் கதை நினைவுக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன், அதன் பின்னணியைச் சற்றுப் பார்ப்போம்.

நம் நாட்டில் ஆகாய மார்க்கத்தை முதலில் உபயோகித்தவை கடிதங்கள், மனிதர்கள் அல்லர். 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி, இன்று பிரயாக்ராஜ் என்று வழங்கும் அலகாபாத்தில் நடந்த பொருட்காட்சியின்போது, ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் ஒரு சிறு விமானத்தில் ஏறக்குறைய 6,000 கடிதங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். தூரம் சுமார் 10 கிலோமீட்டர். நேரம் 13 நிமிஷம். உலகிலேயே அரசாங்க அங்கீகாரத்துடன் நடைபெற்ற முதல் விமானத் தபால் இதுதான். ஒரு கடிதத்துக்கு ஆறணா விசேஷக் கட்டணம் வாங்கி, அந்தத் தொகையை ஒரு மாணவர் விடுதியின் தருமத்துக்குக் கொடுத்தார்கள். வேடிக்கை போல நடந்த காரியந்தான். ஆயினும் தபால் பை பறக்க முடியும் என்பது அன்று நிரூபணமாயிற்று.

அதன் பிறகு பதினெட்டு வருஷம் சென்றது. 1929 மார்ச் மாத இறுதியில் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் வாராந்தர விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. பிரயாணம் ஏழு நாள். லண்டனிலிருந்து ஸ்விட்ஜர்லாந்தின் பாசல் நகர் வரை விமானம். அங்கிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயில். மத்தியதரைக் கடலைக் கடக்கக் கடல் விமானம். எகிப்திலிருந்து மீண்டும் தரை விமானம். கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் இடைப்பட்ட பாலைவனத்தில் விமானிகள் வழி தவறாமல் இருப்பதற்காக, அதற்குச் சில வருஷங்கள் முன்பே தரையில் நெடுந்தூரம் உழவுசால் போல் தடம் இட்டு வைத்திருந்தார்கள். மேலே பறப்பவனுக்குக் கீழே ஏர் உழுதவன் வழி காட்டினான். இத்தனை முறை மாறியும் ஏழு நாள் ஆயிற்றே என்று இன்று நமக்குத் தோன்றலாம். கப்பலில் வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது மாயாஜாலமாகத் தோன்றியது.

கராச்சியில் வந்து இறங்கிய தபாலைத் தென்னாட்டுக்குக் கொண்டு வருவது எப்படி? இதற்கு ஒரு திட்டம் வகுத்தவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி. அதற்குக் கை கொடுத்தவர் ஜே. ஆர். டி. டாட்டா, 1929இல் இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற முதல்வர் அவர். அரசாங்கத்தின் அனுமதிக்காக மூன்று வருஷம் காத்திருந்தார்கள். மானியம் எதுவும் கிடைக்கவில்லை. சுமந்து செல்லும் தபாலின் எடைக்குத் தக்க கூலி மட்டுமே. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி காலையில் டாட்டா, ஒற்றை எஞ்சின் கொண்ட பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து தபாலுடன் கிளம்பினார். நடுவில் ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கே விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல், டின்களில் அடைக்கப்பட்டு மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. பிற்பகலில் பம்பாயின் ஜூஹுவை அடைந்தார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை ஏற்றிக்கொண்டு, அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்கு வந்தார்.

ஜூஹு விமானத் தளம் அக்காலத்தில் வெறும் மண் திடல். மழைக்காலத்தில் அது தண்ணீரில் மூழ்கிவிடும். அப்போது மூட்டை முடிச்சுகளுடன் பூனாவுக்குக் குடிபெயர்வார்கள். வானொலி வழிகாட்டி கிடையாது. இரவு விளக்குகள் கிடையாது. இவ்வளவு இடையூறுகளுக்கும் நடுவே தபால் குறித்த நேரத்தில் சேர்ந்தது. முதலாவது முழு ஆண்டில் அந்த விமானங்களில் சென்ற பிரயாணிகள் மொத்தம் 155 பேர். தபாலுக்காகவே ஓடிய விமானத்தில், தபால் போக மிச்சமிருந்த இடத்தில் மனிதர் உட்கார்ந்தார்கள் என்பது இந்த எண்ணிலிருந்தே விளங்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வேகம் கூடியது. 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் 35 பிரயாணிகளுடன் சென்றது. அந்தச் செய்தியைப் பத்திரிகைகள் கொண்டாடின; கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தஞ்சாவூர், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து வந்து டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குமாஸ்தாவாகவும் கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் அமர்ந்திருந்த நம்மவருக்கு அதைவிட முக்கியமான நிகழ்ச்சி அடுத்த வருஷம் சந்தடியின்றி நடந்தது. 1949 ஜனவரி 30ஆம் தேதி இரவுத் தபால் விமானம் தொடங்கியது.

அப்போது தபால் தந்தி இலாகாவை உள்ளடக்கிய போக்குவரத்துத் தொடர்பு மந்திரியாக இருந்தவர் ரஃபி அகமத் கித்வாய். அவருடைய யோசனை மிக எளியது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் எந்த இரண்டை எடுத்துக்கொண்டாலும் நேர் விமானம் விடுவதென்றால் ஆறு தடங்கள் வேண்டும். நாட்டின் நடுவில் உள்ள ஓர் ஊரில் எல்லா விமானங்களும் கூடினால் நான்கு தடங்கள் போதும். அந்த ஊர் நாகபுரி. நான்கு நகரங்களிலிருந்தும் அது ஏறக்குறைய 700 முதல் 1,000 கிலோமீட்டர் தூரத்துக்குள் அடங்கும். இரவு கவிந்த பிறகு நான்கு திசைகளிலிருந்தும் விமானங்கள் புறப்படும். நள்ளிரவையொட்டி நாகபுரியின் சோனேகாவ் விமானத் தளத்தில் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொள்ளும். விடிவதற்குள் அவ்வந்நகரங்களைச் சென்றடையும். மாலையில் போட்ட கடிதம் மறுநாள் காலையில் ஆயிரம் மைல் தாண்டிச் சேர்ந்துவிடும்.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இன்னொரு சலுகையும் வந்தது. விமானத்தில் போனால் விரைவில் சேருமென்றால், சாதாரணக் கடிதத்தையும் அஞ்சலட்டையையும்கூட அதிகக் கட்டணமின்றி விமானத்திலேயே அனுப்பலாயினர். இதன் பொருள் என்ன? விமானத்தில் ஏறுவதைக் கனவிலும் நினைக்காத ஓர் ஏழைத் தாயின் அஞ்சலட்டை விமானத்தில் ஏறிற்று. விமானம் தனவந்தர்களின் வாகனம் என்று இருந்த நிலை முதலில் கடிதத்தின் விஷயத்தில்தான் மாறியது. பிரயாணச் சீட்டு மலிவாவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, பிரிவின் துயரத்தில் ஒரு நாளும் இரண்டு நாளும் குறைந்துவிட்டன.

இரவு விமானத்தில் தபாலுடன் பிரயாணிகளும் சென்றார்கள். முதலில் தனியார் கம்பெனிகள் நடத்திய இந்த சர்வீஸ், 1953இல் விமானக் கம்பெனிகள் தேசியமயமானபோது இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பொரேஷன் வசம் வந்தது. பெரும்பாலும் டகோடா, ஸ்கைமாஸ்டர் விமானங்கள். உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி இல்லாதபடியால் அவை மிக உயரே பறக்க இயலாது. மேகத்துக்கும் காற்றுக்கும் ஈடு கொடுத்தே செல்ல வேண்டும். எஞ்சின் இரைச்சல் காதைத் துளைக்கும்.

ஆபத்தும் இல்லாமலில்லை. 1953 டிசம்பர் 12ஆம் தேதி, நாகபுரியிலிருந்து சென்னையை நோக்கிக் கிளம்பிய இரவுத் தபால் விமானம் மேலெழுந்த சற்று நேரத்தில் வீழ்ந்து தீப்பற்றியது. 13 பேர் மாண்டனர். விமானி ஒருவரே பிழைத்தார். மறுநாள் காலையில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் வாசற்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்திருப்பார்கள். இதைச் சொல்லாமல் இரவு விமானத்தின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

இனி, அந்தப் பெரியவரின் கதை. டில்லியில் நாங்கள் குடியிருந்த பகுதியில் அவரும் குடியிருந்தார். 1950களின் தொடக்கத்தில் கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு சர்க்கார் அலுவலகத்தில் கீழ்நிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1956இல் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அலுவலகத்தில் அவருக்குத் தந்தி வந்தது. தாயாருக்கு உடம்பு கவலைக்கிடம். உடனே புறப்படவும் என்று தம்பி அடித்திருந்தார்.

அன்றைய ரயிலில் இடமில்லை. "நாளை வண்டியில் போகலாமே" என்றார்கள் சிலர். ரயிலில் சென்னைக்கு இரண்டு இரவு. பிறகு கும்பகோணத்துக்கு வேறு வண்டி. அவருடைய மேலதிகாரி, ஒரு வங்காளி, "உங்கள் அம்மா நாளை வண்டிக்குக் காத்திருப்பார் என்று யார் சொன்னது?" என்று கேட்டாராம். விமானக் கட்டணமோ அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அலுவலகத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடனைத் தீர்க்க ஒன்றரை வருஷம் ஆயிற்று என்பதை அவர் எப்போதும் சேர்த்தே சொல்வார்.

அன்றிரவு அவர் தம் வாழ்நாளில் முதல் முறையாக விமானத்தில் ஏறினார். எந்த வகை விமானம் என்பது அவருக்கு நினைவில்லை. நினைவிலிருந்தவை வேறு: காது அடைத்தது, குளிரில் பற்கள் கிட்டின, பக்கத்து இருக்கைக்காரர் பஞ்சு கொடுத்தார், முன்புறம் தபால் பைகள் மலைபோல் அடுக்கியிருந்தன. நாகபுரியில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். ஒரு கொட்டகையில் தேநீர் கொடுத்தார்கள். வெளியே விளக்கு வெளிச்சத்தில் விமானங்கள் நின்றன. ஆட்கள் பைகளைத் தோளிலும் வண்டியிலும் சுமந்து ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு ஓடினார்கள். கல்கத்தாக்காரர்களும் பம்பாய்க்காரர்களும் சென்னைக்காரர்களும் தூக்கக் கலக்கத்துடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தத்தம் விமானத்தின் அழைப்புக்குச் செவி சாய்த்திருந்தார்கள். "அந்த இரவில் இந்தியா முழுவதும் ஒரு கொட்டகையில் தேநீர் குடித்தது" என்பார் பெரியவர்.

புதன்கிழமை காலை மீனம்பாக்கம், எழும்பூரிலிருந்து பகல் வண்டி, மாலையில் கும்பகோணம். தாயாருக்கு நினைவு இருந்தது. "எப்படிடா இதுக்குள்ளே வந்தே?" என்று கேட்டார். பறந்து வந்தேன் என்றதை அவர் நம்பவில்லை. பிள்ளை தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்வதாகவே எண்ணினார். நான்கு நாள் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலமானார்.

காரியங்கள் முடிந்து அவர் டில்லி திரும்பியபோது, அறையில் உடனிருந்த நண்பர் ஓர் உள்நாட்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். தாயார் சொல்லத் தம்பி எழுதிய கடிதம். "உடம்பு இப்போது கொஞ்சம் தேவலை. நீ பணம் செலவழித்துக்கொண்டு வர வேண்டாம். உத்தியோகத்தைப் பார்த்துக்கொள்" என்று இருந்தது. கும்பகோணம் தபால் முத்திரை திங்கட்கிழமை. டில்லி முத்திரை புதன்கிழமை. பெரியவர் குமாஸ்தா அல்லவா? முத்திரைகளை வைத்துக் கணக்குப் பார்த்தார். திங்கட்கிழமை போட்ட கடிதம் ரயிலில் சென்னைக்கு வந்து, செவ்வாய் இரவு விமானம் ஏறியிருக்கிறது. நள்ளிரவில் நாகபுரியில் அது டில்லி விமானத்துக்கு மாறியிருக்க வேண்டும். அதே நள்ளிரவில் அவர் சென்னை விமானத்துக்காகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். "வராதே" என்று சொன்ன கடிதமும், வந்துகொண்டிருந்த மகனும் அந்தத் தளத்தில் ஒருவரையொருவர் தாண்டிச் சென்றிருக்கிறார்கள்.

ஒரு நாள் தாமதித்து ரயிலில் போகலாம் என்று அவர் இருந்திருந்தால், புதன்கிழமை காலையில் அந்தக் கடிதம் கைக்குக் கிடைத்திருக்கும். தந்தியைவிடத் தாயின் வார்த்தையை நம்பி அவர் நின்றிருக்கவும் கூடும். "விமானம் என்னைவிட வேகமாக அந்தக் கடிதத்தைக் கொண்டு வந்திருந்தால் நான் அம்மாவைப் பார்த்திருக்க மாட்டேன்" என்று அவர் சொல்வதுண்டு. கடிதத்தைக் கடைசி வரை வைத்திருந்தார். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் விமானத்தைப் புகழ்ந்ததுமில்லை, விதியைப் புகழ்ந்ததுமில்லை. கடன் கொடுத்தவர்களின் பெயர்களை மட்டும் ஒன்று விடாமல் சொல்வார்.

பின்னர் காலம் மாறியது. 1964இல் இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் ஜெட் விமானங்களை ஓட்டத் தொடங்கியது. ஜெட் விமானத்துக்கு நடுவழியில் கூடிப் பிரிய வேண்டிய அவசியம் குறைவு. பகலிலேயே நேராகப் போய்விடலாம். 1970களில் நாகபுரியின் நள்ளிரவுக் கூட்டம் ஓய்ந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. 1973இல் அமெரிக்காவில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் மெம்பிஸ் நகரத்தில் இரவுதோறும் விமானங்களைக் கூட்டி, பொட்டலங்களை மாற்றி, விடியுமுன் அனுப்பும் முறையைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றது. நாம் அதைக் கால் நூற்றாண்டு முன்பே அஞ்சலட்டைக்காகச் செய்தோம்.

இன்று டில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. செய்தி இப்போது நொடியில் வருகிறது. ஆகவே செய்திக்கும் நமக்கும் இடையே முன்பிருந்த இடைவெளி வேறு வடிவம் கொண்டுள்ளது. அக்காலத்தில் செய்தி வரும்வரை நிம்மதியாக இருந்தோம், வந்தபின் ஓடினோம். இன்று செய்தி உடனே வந்துவிடுகிறது. நாம்தான் மூடுபனியில் உட்கார்ந்திருக்கிறோம். அறிந்த பிறகும் அசைய முடியாமல் இருக்கும் வேதனை புதிய வேதனை. 2020 மார்ச் முதல் மே வரை நாட்டில் பிரயாணி விமானங்களே பறக்காத இரண்டு மாதங்களில் வெளிமாநிலத் தமிழர் பலர் அதன் முழு ஆழத்தையும் கண்டார்கள். கைப்பேசித் திரையில் தந்தையின் இறுதிச் சடங்கைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

என் பயணத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். காலையில்தான் விமானம் கிளம்பியது. சென்னையிலிருந்து கார் பிடித்து, பிற்பகல் மூன்று மணிக்குக் கல்யாண மண்டபத்தை அடைந்தேன். முகூர்த்தம் முடிந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. தாய்மாமன் போட வேண்டிய மாலையை ஒன்றுவிட்ட தம்பி போட்டிருந்தான். என் தமக்கை ஒன்றும் சொல்லவில்லை. பந்தி முடிந்து பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்காக ஓர் இலை மட்டும் போட்டு, மூடி வைத்திருந்ததைப் பரிமாறினாள். "வந்துட்டியே, அது போதும்" என்றாள். எனக்கு அது போதவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன்.

விமானப் பிரயாணத்தின் தொல்லைகளைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டு. குறை சொன்னால்தான் சீர்ப்படும். ஆனால் அந்த இரவு நாற்காலியில் அத்தனை பேரும் ஏன் உட்கார்ந்திருந்தோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒருவரும் போகவில்லை. மாட்டு வண்டியில் வந்த பெட்ரோலுக்காக ஆமதாபாத்தில் காத்திருந்தவரும், நாகபுரிக் கொட்டகையில் தேநீர்க் கோப்பையுடன் காத்திருந்தவரும், மூடுபனியில் காத்திருந்த நாமும் ஒரே காரணத்துக்காகத்தான் காத்திருந்தோம். மறுமுனையில் யாரோ இலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

நேயர்களே, அந்த எழுதாத கணக்கு உங்களிடமும் இருக்கும். இன்றிரவு ஊருக்கு ஒரு முறை பேசுங்கள். "உடம்பு தேவலை, நீ வர வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால், அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அடுத்த விடுமுறை எப்போது என்று பாருங்கள்.